வளவுக்குள் கரடி வந்தால் யாருக்குப் போன் எடுப்பது? ஒன்ராறியோவின் வடக்கே குடிவருபவர்களுக்கு

ஸ்காபரோவில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, வேலை மாறி, சட்பரிப் பக்கம் வீடு பார்த்து வந்த முதல் செப்டெம்பர் அது. இரவு பதினொரு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க வந்தவன் குசினி யன்னலால் வெளியே பார்த்தேன். பின்பக்கத்து டெக்கில், பார்பிக்யூ அடுப்போடு ஒட்டிக்கொண்டு ஒரு கரடி. முன்னங்கால் ஒன்றை அடுப்பின் மேல் ஊன்றி, அடியில் கொழுப்பு வடிகிற தட்டை வெளியே இழுத்து நக்கிக்கொண்டிருந்தது. தகரம் பலகையில் உரசும் சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. ஒருதரம் தலையை நிமிர்த்திப் பார்த்தது. இடது காதின் நுனி கிழிந்திருந்தது.

விளக்கை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். யாருக்கும் போன் எடுக்கவில்லை. "சொன்னால் வந்து சுட்டுவிடுவார்கள், பாவம்" என்றாள் மனைவி. எனக்கும் அதே நினைப்புத்தான். குப்பையை வெளியே வைத்ததற்கு எங்களைப் பிடித்துக் கேள்வி கேட்பார்களோ என்ற பயமும் கூட.

கரடி மூன்று இரவு வந்தது. நாலாம் இரவு, குப்பைப் பைகளை வைத்திருந்த தோட்டக் கொட்டிலின் கதவைப் பிய்த்தது. அப்போதும் கதவைத் திருத்தினேனே தவிர யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில், பட்டப்பகலில் வலைக்கதவைக் கிழித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டது. உள்ளே சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அன்றைக்கு அதைச் சுட வேண்டி வந்தது. காது நுனி கிழிந்த கரடி என்று அயலவர் சொன்னபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் இரவே நான் போன் எடுத்திருந்தால் அந்தக் கொழுப்புத் தட்டையும் குப்பைப் பைகளையும் அடுத்த நாளே அகற்றச் சொல்லியிருப்பார்கள். கரடி வேறு இடம் பார்த்துப் போயிருக்கும். இப்போது அது எனக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இது எந்தக் கரடி

ஒன்ராறியோவில் 85,000 முதல் 105,000 வரை கருங்கரடிகள் இருக்கும் என்பது மாகாண அரசின் மதிப்பீடு. கிரிஸ்லி கரடி இங்கே இல்லை. பனிக்கரடி ஹட்சன் விரிகுடாப் பக்கத்தோடு சரி. ஆகவே சட்பரி, நோர்த் பே, தண்டர் பே, மஸ்கோக்கா என்று எங்கே கரடியைக் கண்டாலும் அது கருங்கரடிதான். வளர்ந்த ஆண் 120 முதல் 270 கிலோ வரை இருக்கும். பெண் 45 முதல் 180 கிலோ வரை.

ஊரில் கரடிக்குப் பயந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வன்னிக் காட்டுக்குத் தேனெடுக்கப் போனவர்கள் சிறுத்தையை விடக் கரடிக்கே கூடப் பயந்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஊர்க்கரடி திடீரென்று ஆளைக் கண்டால் பாய்ந்து முகத்தைக் கிழித்துவிடும். கருங்கரடியின் சுபாவம் வேறு. பயந்தால் பெரும்பாலும் ஓடும், இல்லாவிட்டால் மரத்தில் ஏறும். அதனால் வளவுக்கு அப்பால் காட்டோரமாக ஒரு கரடி நடந்து போகிறது என்றால் அதற்காக யாரையும் அழைக்கத் தேவையில்லை. அது தன் வழியில் போகிறது. போகாமல் நிற்கிறதா, உங்கள் வீட்டில் எதையாவது தின்னப் பழகுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டு இலக்கங்கள்

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911. மற்றதெல்லாம் 1-866-514-2327. இரண்டாவது, மாகாண இயற்கை வள அமைச்சின் 'பேர் வைஸ்' திட்டம் நடத்தும் இலவசத் தொலைபேசி. ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரை இரவு பகலாக எடுப்பார்கள். மற்ற மாதங்களில் கரடிகள் பெரும்பாலும் குகையில் உறக்கம். அப்போதும் ஏதாவது நடந்தால் அமைச்சின் பொது இலக்கம் 1-800-667-1940 இல் அலுவலக நேரத்தில் கேட்கலாம்.

எது 911, எது மற்றது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கரடி வீட்டுக்குள் நுழைந்துவிட்டது அல்லது நுழையப் பார்க்கிறது என்றால் 911. பள்ளிக்கூடம் நடக்கும் நேரத்தில் அதன் வளவுக்குள் வந்தாலும், ஆட்கள் கூடியிருக்கும் பொது இடத்துக்குள் வந்தாலும் அப்படியே. ஆளைப் பின்தொடர்ந்து வந்து அங்கேயே நிற்கிறது, ஆட்டையோ நாயையோ கொன்றுவிட்டு விலகாமல் நிற்கிறது, உங்களை நோக்கி மூர்க்கமாக வருகிறது என்றாலும் யோசிக்காமல் 911.

குப்பைத் தொட்டியைக் கிண்டுகிறது, பறவைகளுக்குத் தொங்கவிட்ட தீனிப் பெட்டியை இழுத்து விழுத்துகிறது, பார்பிக்யூவைத் தட்டிக் கவிழ்க்கிறது, சாப்பாட்டுச் சாமானோ குப்பையோ வைத்த கொட்டிலை உடைக்கிறது, மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இவை எல்லாம் இரண்டாவது இலக்கத்துக்கு. கொட்டிலை உடைப்பது சின்ன விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். சின்ன விஷயம் இல்லை, ஆனால் அங்கே ஆளுக்கு ஆபத்து இல்லை. அதுதான் கோடு. அதே கரடி அடுத்த தரம் வீட்டுக் கதவைப் பிறாண்டினால் கோட்டைத் தாண்டிவிட்டது.

முதல் தரம் தொட்டியை மோந்து பார்த்த அன்றே இரண்டாவது இலக்கத்துக்கு எடுங்கள். நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அது என்ன செய்கிறது என்று பாருங்கள்

போனில் "கரடி கோபமாக இருக்கிறது" என்றால் மறுமுனையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். அதற்குக் கரடியின் நடத்தையைக் கொஞ்சம் படிக்கத் தெரிந்திருந்தால் நல்லது.

பின்னங்காலில் எழுந்து நின்றால் தாக்கப் போகிறது என்று பொருள் இல்லை. சுற்றிலும் பார்க்கவும் மணம் பிடிக்கவும் அப்படி நிற்கும். புஸ்ஸென்று மூச்சை ஊதுவது, பற்களை 'டக் டக்' என்று கொட்டுவது, முன்னங்காலால் நிலத்தில் அறைவது, இரண்டு எட்டு ஓடி வந்து சட்டென்று நிற்பது எல்லாம் "கிட்ட வராதே" என்கிற எச்சரிக்கை. பார்க்கக் குலை நடுங்கும். ஆனால் அது உங்களுக்கு விலகிப் போக இடம் தருகிறது. கரடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் மெல்ல மெல்லப் பின்வாங்குங்கள். ஓடக்கூடாது. மரத்தில் ஏறக்கூடாது, அது உங்களை விட நன்றாக ஏறும். வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போன பிறகு போனை எடுங்கள்.

சத்தமே போடாமல், நீங்கள் விலக விலக உங்களையே பார்த்துக்கொண்டு பின்னால் வரும் கரடிதான் உண்மையில் ஆபத்தானது. அபூர்வமாக நடப்பது இது. ஆனால் நடக்கிறது. 1991 ஒக்டோபரில் அல்கோன்குயின் பூங்காவில், ஒபியோங்கோ ஏரியின் பேட்ஸ் தீவில் கூடாரமடித்திருந்த இருவரை ஒரு கருங்கரடி கொன்றது. அப்படி ஒன்று பின்தொடர்ந்தால் சத்தம் போடுங்கள், கையைத் தூக்கிப் பெரிதாகத் தெரியுங்கள், கல்லோ தடியோ எறியுங்கள், கரடி ஸ்பிரே (கரடியின் முகத்தில் பீய்ச்சும் மிளகாய்க் கார மருந்து) இருந்தால் அடியுங்கள். தாக்கினால் திருப்பித் தாக்க வேண்டும். செத்தவர் போலப் படுத்துக் கிடப்பது, குட்டியைக் காக்கத் தாய்க் கரடி பாய்ந்தது நிச்சயம் என்ற அபூர்வ வேளைக்கு மட்டும்.

ஆக, ஊதிப் பல்லைக் கொட்டி எச்சரித்ததா, சத்தமில்லாமல் பின்னால் வந்ததா என்று சொன்னாலே கேட்பவருக்குப் பாதி விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

போனில் என்ன சொல்வது

முதலில் இடம். நகரத்துக்குள் என்றால் வீட்டு இலக்கமும் தெருவும். கிராமப்புறத்தில், கொட்டேஜ் பாதைகளில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓர் இலக்கப் பலகை நட்டிருப்பார்கள். அந்த இலக்கத்தையும் பாதையின் பெயரையும் வந்த முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்த கொட்டேஜில் இரவு கரடி வந்தபின் வாசலுக்கு ஓடிப் போய் இலக்கம் பார்க்க முடியாது.

அடுத்தது நேரம். இப்போது நிற்கிறதா, எப்போது போனது, எந்தப் பக்கம் போனது. பிறகு அது செய்தது. எதைத் தின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். "குப்பைப் பையை நேற்று இரவே வெளியே வைத்துவிட்டேன்" என்று ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஒரு வரி தெரிந்தால்தான் சரியான ஆலோசனை சொல்ல முடியும். தனியா, குட்டிகளோடா. காதில் நிறப் பட்டி இருக்கிறதா. இருந்தால் என்ன நிறம், எந்தக் காது, எண் தெரிகிறதா. பட்டி இருந்தால் அந்தக் கரடியை முன்பே யாரோ பிடித்துக் கையாண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எண்ணைப் பார்க்கவென்று கிட்டப் போகாதீர்கள். யன்னலுக்குள் நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும்.

இரண்டாம் வருஷம் ஜூனில், இன்னொரு கரடி எங்கள் தொட்டியை உருட்டியபோது நான் எடுத்த போன் ஏறக்குறைய இப்படி இருந்தது.

"கரடி இப்போது நிற்கிறதா?"

"இல்லை, அரை மணிக்கு முன் காட்டுப் பக்கம் போய்விட்டது."

"உங்களை நோக்கி வந்ததா?"

"இல்லை. நான் கதவைத் திறந்து சட்டியைத் தட்டினேன். ஓடிவிட்டது."

"நல்லது. தொட்டிக்குள் என்ன இருந்தது?"

"கோழி எலும்பு, மீன் கழுவின கழிவு."

அந்தப் பெண்மணி கொஞ்சம் நேரம் எடுத்துச் சொன்னார். மீன் கழிவையும் இறைச்சிக் கழிவையும் பையில் கட்டி, குப்பை எடுக்கும் நாள் வரை உறைபெட்டியில் வையுங்கள். தொட்டியை வினாகிரி போட்டுக் கழுவி கராஜுக்குள் வையுங்கள். இரண்டு மூன்று நாள் திரும்பி வந்து பார்க்கும், ஒன்றும் கிடைக்காவிட்டால் விட்டுவிடும். வந்து நின்றால் மறுபடி எடுங்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. குப்பைக்காக யாரும் என்னை ஏசவில்லை, என் குடிவரவு நிலை பற்றியும் ஒரு கேள்வி வரவில்லை. கரடி இரண்டு இரவு வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அதை நாங்கள் காணவில்லை.

ஆங்கிலம் தடுமாறும் என்றால் இரண்டு வசனம் போதும். "தெயர் இஸ் எ பிளாக் பேர் இன் மை பேக்யார்ட்." வீட்டுக்குள் வரப் பார்த்தால், "இட் இஸ் ட்ரையிங் டு கெட் இன்டு த ஹவுஸ்." பிறகு முகவரி. 911 இல் முகவரியைச் சொல்லி முடிக்கும் வரை எக்காரணம் கொண்டும் போனை வைக்க வேண்டாம்.

போன் எடுத்த பிறகு என்ன நடக்கும், என்ன நடக்காது

911 என்றால் முதலில் வருவது பொலிஸ். தேவைப்பட்டால் அவர்கள் பகல் நேரத்தில் அமைச்சின் ஆட்களை உதவிக்கு அழைக்கலாம். மயக்க ஊசி பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஊசி பட்டதும் கரடி விழுந்துவிடாது, மருந்து பிடிக்க நிமிஷங்கள் ஆகும். அதற்குள் மிரண்டு எங்கேயும் ஓடலாம். மரத்தில் இருந்தால் விழுந்து எலும்பு முறியலாம்.

"பிடித்துக்கொண்டு போய்த் தூரத்தில் விடலாமே" என்பதும் வழக்கமான கேள்வி. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விட்ட கரடிகள்கூடத் திரும்பி வந்திருக்கின்றன. வராவிட்டாலும், குப்பை ருசி கண்ட கரடி புது இடத்திலும் குப்பையைத்தான் தேடும். உங்கள் தெருவின் பிரச்சினை இன்னொருவர் தெருவுக்குப் போகும், அவ்வளவுதான்.

மரத்தில் ஏறிய கரடிக்குச் செய்ய வேண்டியது மிகச் சுலபம், அதுதான் யாருக்கும் முடியாமல் இருக்கிறது. விட்டு விலக வேண்டும். பயந்துதான் ஏறியிருக்கிறது. கீழே நாய் குரைத்து, பிள்ளைகள் கூடி, பத்துப் பேர் வீடியோ எடுத்தால் இறங்காது. எல்லாரும் வீட்டுக்குள் போனால் பொழுதுபட்டதும் தானே இறங்கிப் போகும்.

ஆகஸ்ட் தாண்டினால் போன்கள் கூடும் என்பதையும் எதிர்பாருங்கள். குளிருக்கு முன் உடம்பில் கொழுப்பேற்ற வேண்டிய அவசரத்தில் ஒரு கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை தின்னும். சட்பரிப் பக்கத்துப் பாறைகளில் காட்டு நீலப்பழம் கொட்டிக் கிடக்கும் வருஷம் அவை ஊருக்குள் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. வசந்தத்தில் உறைபனி பூவைக் கருக்கியோ, கோடையில் மழை பொய்த்தோ பழம் தப்பிப்போன வருஷம்தான் தெருத்தெருவாக அலையும். ஜூலை கடைசியில் காட்டோரம் நடக்கும்போது பற்றைகளில் பழம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வருஷம் குப்பையில் இரு மடங்கு கவனம் தேவை.

வீட்டில் செய்ய வேண்டியதை இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். குப்பையை எடுக்கும் நாள் காலையில் மட்டும் வெளியே வையுங்கள். பறவைத் தீனி குளிர்காலத்தோடு முடியட்டும். பார்பிக்யூ சுட்ட கையோடு கம்பிகளை எரித்துத் துடைத்து, கொழுப்புத் தட்டைக் கழுவுங்கள். அப்பிள் மரம் இருந்தால் பழத்தை விழ விடாதீர்கள். காருக்குள் சாப்பாட்டுப் பை வைக்காதீர்கள், கார்க் கதவைத் திறக்கக் கற்ற கரடிகள் இருக்கின்றன. நம் வீடுகளில் மீன் பொரித்த எண்ணெயைப் பின்வளவில் ஊற்றும் பழக்கம் உண்டு. அதை இங்கே விட்டுவிட வேண்டும். ஒரு வீடு மட்டும் திருந்திப் பயனில்லை. கரடி வந்ததை இடமும் வலமும் இருக்கும் வீடுகளுக்குப் போய்ச் சொல்லுங்கள். எனக்கு இந்தத் தெருவில் முதல் சிநேகிதர் கிடைத்தது அப்படித்தான்.

வேறு சில சந்தர்ப்பங்கள்

குட்டி தனியாக நின்றால் தொடாதீர்கள், பால் வைக்காதீர்கள். தாய் பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும். ஆபத்து என்று தெரிந்தால் குட்டியை மரத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கி நிற்பது அதன் வழக்கம். தாய் செத்துக் கிடப்பதைக் கண்டால் மட்டும், அல்லது நெடுநேரமாகியும் தாய் வரவில்லை என்றால், இரண்டாவது இலக்கத்துக்குச் சொல்லுங்கள். அநாதைக் குட்டிகளை வளர்த்துக் காட்டில் விட, ஸ்ப்ரூஸ்டேல் பக்கத்தில் இருப்பது போன்ற அனுமதி பெற்ற சரணாலயங்கள் இருக்கின்றன.

நெடுஞ்சாலையில் காரில் அடிபட்டால் இறங்கிக் கிட்டப் போக வேண்டாம். காயப்பட்ட கரடி எது செய்யும் என்று சொல்ல முடியாது. ஆளுக்குக் காயம் என்றால் 911. இல்லையென்றால் மாகாணப் பொலிஸ், 1-888-310-1122.

யாரோ களவாக வேட்டையாடுகிறார்கள் என்று கண்டால் அதற்குத் தனி இலக்கம், 1-877-847-7667. தன் சொத்தைக் காக்கக் கரடியைக் கொல்ல 1997ஆம் ஆண்டின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கொன்றால் உடனே அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். துப்பாக்கிச் சட்டமும் நகரசபை விதிகளும் தனி. புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மாகாணப் பூங்காவில் கூடாரமடித்திருந்தால் முதலில் பூங்காப் பணியாளரிடம் சொல்லுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கும் உறவினர்களுக்கு இலக்கம் வேறு: 1-877-952-7277. அங்கே கிரிஸ்லியும் உண்டு.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள்

எங்கள் வீட்டில் அந்தத் தாள் ஐந்து வருஷமாக ஒட்டியிருக்கிறது. மேலே 911, கீழே 1-866-514-2327, அதற்குக் கீழே வீட்டு முகவரி, கடைசியில் மேலே எழுதிய இரண்டு ஆங்கில வசனங்களும் தமிழ் எழுத்தில். போன கோடையில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருக்க, ஊரிலிருந்து வந்திருந்த மாமி தனியே இருந்தா. பின்வளவு மேப்பிள் மரத்தில் ஒரு இளங்கரடி ஏறி உட்கார்ந்துவிட்டது. மாமி கதவைப் பூட்டி, தாளைப் பார்த்து இரண்டாவது இலக்கத்தை அமத்தி, முதல் வசனத்தையும் முகவரியையும் எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறா. அவர்கள் கேட்டது பாதி விளங்கவில்லையாம். "ட்ரீ, ட்ரீ" என்று சொன்னதும் அவர்களுக்கு விளங்கிவிட்டது. "ஸ்டே இன்சைட்" என்றது மாமிக்கும் விளங்கியது. நாங்கள் வந்து சேர்ந்தபோது திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றா. இருட்டத் தொடங்கியதும் கரடி பின்பக்கமாக, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி, வேலியோரம் ஒருதரம் நின்று மணம் பிடித்துவிட்டுக் காட்டுக்குள் போனது.